எம்.ஆர்.ஐ.யில் மூளை முழுக்க வெள்ளைத் திட்டுகள்: காரணம் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

"மல்டிபிள் டி2 ஃப்ளேர் ஹைப்பர்இன்டென்சிட்டீஸ்." டி2, ஃப்ளேர் என்ற எம்.ஆர்.ஐ. பட வகைகளில் பல வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன என்று பொருள். மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. இரண்டு வரி தள்ளி இன்னொன்றும் இருக்கும்: "கிளினிக்கல் கோரிலேஷன் தேவை." முதல் வரியைக் கூகுளில் தேடாதவர் இல்லை. இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. படம் பார்த்த மருத்துவர், "என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும், மீதியை நோயாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று கைமாற்றி விடுகிறார். அந்த மீதியை எப்படிக் கேட்பது, எந்த வரிசையில் தேடுவது என்பதைப் பயிற்சி மருத்துவர்களையும், ரிப்போர்ட்டும் கையுமாக நிற்கும் குடும்பத்தாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. "லீஷன்" என்பதை "மூளையில் புண்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் சீழ் பிடித்த ரணத்தைக் கற்பனை செய்துகொண்டு நடுங்கிப்போகிறார். அந்த இடத்தில் நீர்ச்சத்து வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்பதற்கு மேல் படம் எதையும் சொல்லவில்லை. மூளையின் உட்பகுதியில் கட்டுக்கட்டாக ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை உண்டு. அந்தக் கொழுப்பால்தான் அப்பகுதி வெளுத்துத் தெரிகிறது. வெண்பொருள் என்ற பெயரும் அதனால்தான். மயலின் அழிந்தாலும், இழை செத்தாலும், வீக்கம் வந்தாலும், பழைய தழும்பு விழுந்தாலும் கொழுப்பு குறைந்து நீர் கூடும். டி2, ஃப்ளேர் படங்களில் அது வெள்ளையாக ஒளிரும். ஆக, எத்தனையோ நோய்களுக்கு ஒரே நிறம். நிறத்தைப் பார்த்து நோயின் பெயர் சொல்ல முடியாது. இடம், வடிவம், வேகம், வயது நான்கையும் ஒன்றாக வைத்தால்தான் சொல்ல முடியும்.

படி 1: காத்திருக்கக் கூடாதவர்களைப் பிரிப்பது

காய்ச்சலோடு குழப்பம், புதிதாக வலிப்பு, நினைவு மங்குதல், மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் கைகால் பலவீனம், திடீர்ப் பார்வை இழப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவு. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி மூளையின் பின்பகுதி வீங்குவது ஆகிய மூன்றையும் அன்றே பார்த்தாக வேண்டும். கடைசியாகச் சொன்னதன் பெயர் பிரெஸ். அது பிரசவத்தை ஒட்டிய வலிப்பு நோயிலும், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளாலும் வரும். அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மருந்தை மாற்றினால் பெரும்பாலும் திட்டுகள் தாமாகவே மறையும். தாமதித்தால் நிரந்தரச் சேதம்.

படி 2: கதையைக் கேட்பது

படத்தை வாங்கிப் பார்க்கும் முன் கதையைக் கேட்டுவிடுவது என் வழக்கம். படத்தை முதலில் பார்த்துவிட்டால், கேட்கிற கேள்விகள் எல்லாம் அந்தப் படத்துக்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

வயதுதான் முதல் கேள்வி. ரோட்டர்டாம் நகரில் 60 முதல் 90 வயது வரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு திட்டுகூட இல்லாதவர்கள் 5 சதவீதம் மட்டுமே. 72 வயதில் நாலைந்து புள்ளிகள் இருப்பது தலைநரை மாதிரி. அதே புள்ளிகள் 28 வயதில் இருந்தால் விசாரணை வேண்டும்.

அடுத்தது வேகம். நிமிடங்களில் வந்தது இரத்தக்குழாய்க் கோளாறு. சில நாட்களில் ஏறி, வாரக்கணக்கில் நின்று, பிறகு இறங்குவது மயலின் அழற்சி. வாரம் வாரமாக மோசமாகிக்கொண்டே போனால் கிருமியும் புற்றும் பட்டியலின் மேலே வரும். வருடக்கணக்கில், எப்போது ஆரம்பித்தது என்றே சொல்ல முடியாதபடி நகர்ந்தால் மரபணுக் கோளாறு அல்லது சிறு இரத்தக்குழாய் நோய். இது கச்சிதமான விதி இல்லை. ஆனாலும் பெரும்பாலும் சரியாக வழிகாட்டும்.

மூன்றாவது, உள்ளே போனது என்ன? மெத்தோட்ரெக்சேட், தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், போதைப்பொருள்கள், பெயின்ட் தின்னரை முகர்வது, சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு. கடைசியாகச் சொன்னது உடலில் உள்ள பி12-ஐச் செயலிழக்கச் செய்துவிடும். கார்பன் மோனாக்சைடு இதில் தனி ரகம். மூடிய அறையில் புகையில் மயங்கியவர் தேறி வீட்டுக்குப் போய்விடுவார். சில நாட்களோ வாரங்களோ கழித்துத் திடீரென்று பேச்சு குறையும், நடை குழறும், சிறுநீர் அடங்காது. படத்தில் வெண்பொருள் இரு பக்கமும் ஒரே சீராக வெளுத்திருக்கும். பழைய சம்பவத்தை யாராவது நினைவுபடுத்தினால்தான் முடிச்சு அவிழும்.

நான்காவது குடும்பம். "வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். பிரித்துக் கேட்க வேண்டும். அப்பா எந்த வயதில் படுத்தார்? பெரியப்பாவுக்கு வந்த பக்கவாதம் ஐம்பதுக்கு முன்பா? அம்மா வழியில் சின்ன வயதில் இறந்துபோன ஆண் பிள்ளைகள் உண்டா? பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா? உறவுக்குள் திருமணம் என்றால் இரு பக்கமிருந்தும் பழுதான மரபணு சேரும் நோய்களின் வாய்ப்பு கூடும்.

இதோடு மூளைக்கு வெளியேயும் ஒரு கண் வேண்டும். தோல் கறுத்து, சோர்வு தட்டினால் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு. குதிகால் தசைநாணில் கொழுப்புக் கட்டியும் இளவயதுக் கண்புரையும் தீராத வயிற்றுப்போக்கும் இருந்தால் சிடிஎக்ஸ் என்ற கொழுப்பு வளர்சிதை நோய். மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய அபூர்வ நோய் இது, தவறவிடவே கூடாது. வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பப் புண் என்றால் பெச்செட் என்ற இரத்தக்குழாய் அழற்சி நோய். நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியுமாக வயிற்று மருத்துவரிடம் அலைந்தவருக்கு நரம்பு மண்டல நோய் இருந்திருக்கிறது. அது எப்படி என்பது பின்னால் வருகிறது.

படி 3: படம் போதுமானதா என்று பார்ப்பது

சி.டி. ஸ்கேனை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ.யிலும் டி1, டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன், சிறு இரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. இவ்வளவும் இருக்க வேண்டும். ஃப்ளேர் குறுக்குவெட்டில் மட்டும் போதாது, பக்கவாட்டு வெட்டிலும் வேண்டும். ஏனென்று அடுத்த படியில் தெரியும். மயலின் அழற்சியோ கிருமியோ புற்றோ என்ற சந்தேகம் இருந்தால் காண்ட்ராஸ்ட் ஊசியும், கழுத்து-முதுகுத் தண்டுவடப் படமும் சேர வேண்டும்.

இரண்டு பொய்த் தோற்றங்கள் உண்டு. இரத்தக்குழாயைச் சுற்றி இயல்பாகவே இருக்கும் விர்ச்சோ-ராபின் இடைவெளிகள் டி2-வில் வெள்ளையாகத் தெரியும், ஃப்ளேரில் கறுத்துவிடும். அவை நோயே இல்லை. மற்றது குழந்தைகள். பிறக்கும்போது மூளையில் மயலின் மிகக் குறைவு. கீழிருந்து மேலாக, பின்னிருந்து முன்னாக அது நிரம்பிக்கொண்டு வரும். டி2 படத்தில் பெரியவர்களைப் போன்ற தோற்றம் வர ஏறக்குறைய 2 வயதாகும். எட்டு மாதக் குழந்தையின் படத்தைப் பெரியவர் கணக்கில் வாசித்தால் மூளை முழுக்க நோயாகத்தான் தெரியும்.

படி 4: வடிவத்தை வாசிப்பது

முதல் கேள்வி ஒன்றே ஒன்று: திட்டுத்திட்டாகச் சிதறியிருக்கிறதா, அல்லது இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே சீராகப் பரவியிருக்கிறதா? சிதறியிருந்தால் பிற்பாடு வந்த நோய். சீராக இருந்தால் மரபணு, நஞ்சு, வளர்சிதைக் கோளாறு. விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் பாதை இங்கேதான் பிரிகிறது.

சிதறிய திட்டுகளைப் பார்த்ததும் முதலில் எடைபோட வேண்டியவை இரண்டு: சிறு இரத்தக்குழாய் நோய், அல்லது உடலின் எதிர்ப்பு சக்தியே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற எம்.எஸ்.

சிறு இரத்தக்குழாய் நோய்க்கு முதுமை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை ஆகிய நான்கும் கூட்டாளிகள். நீர்க்குழிகளான வென்ட்ரிக்கிள்களின் ஓரத்தில் தொப்பி வைத்தது போலவும், ஆழத்தில் தனித்தனிப் புள்ளிகளாகவும் வந்து, நாளடைவில் ஒன்றோடொன்று கூடிவிடும். 1987-இல் வந்த ஃபாசெகாஸ் அளவுகோல் இதை 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறது: ஒன்றும் இல்லாதது 0, புள்ளிகள் 1, கூடத் தொடங்குவது 2, ஒன்றாகக் கலந்துவிட்டது 3. கூடவே 3 முதல் 15 மி.மீ. அளவுள்ள சிறு பள்ளங்கள் இருக்கும். எஸ்.டபிள்யூ.ஐ.யில் கறுப்புப் புள்ளிகள் மூளையின் ஆழத்தில் இருந்தால் இரத்த அழுத்தத்தின் வேலை; ஓரங்களில் மட்டும் இருந்தால் குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எழுதும் கை கொஞ்சம் தயங்க வேண்டும்.

எம்.எஸ். வேறு மாதிரி. பக்கவாட்டு ஃப்ளேர் படத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் வளைவாக ஓடுவது கார்ப்பஸ் கலோசம், இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் பாலம். அதன் அடிவிளிம்பிலிருந்து மேல்நோக்கி, விரித்த விரல்கள் போல நீள்வட்டத் திட்டுகள் கிளம்பினால் அவை டாசன் விரல்கள். 1916-இல் ஜேம்ஸ் டாசன் நுண்ணோக்கியில் விவரித்ததை இன்று படத்தில் பார்க்கிறோம். குறுக்குவெட்டில் வெறும் உருண்டைப் புள்ளியாகத் தெரிவது பக்கவாட்டில்தான் விரலாகத் தெரியும். ஒவ்வொரு விரலும் ஒரு சிறு சிரையைச் சுற்றி வளர்ந்தது, அதனால் எஸ்.டபிள்யூ.ஐ. வகைப் படத்தில் திட்டின் நட்ட நடுவே மெல்லிய கோடு தெரிந்தால் எம்.எஸ். பக்கம் தராசு சாயும். மூளைப் புறணியை ஒட்டிய திட்டு, மூளைத்தண்டு அல்லது சிறுமூளைத் திட்டு, தண்டுவடத்தில் குட்டைத் திட்டு இவையும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். எம்.எஸ்.ஸை உறுதிசெய்யப் பயன்படும் 2017 மெக்டொனால்டு வரையறை வென்ட்ரிக்கிள் ஓரம், புறணி, மூளைத்தண்டு-சிறுமூளை, தண்டுவடம் ஆகிய நான்கு இடங்களில் இரண்டையாவது கேட்கிறது. 2024 திருத்தம் பார்வை நரம்பை ஐந்தாவது இடமாகச் சேர்த்தது. ஒன்றை மறக்கக் கூடாது: முக்கியமாக எம்.எஸ்.ஸுக்கே உரிய அறிகுறிகளோடு வந்தவர்களுக்காக எழுதிய வரையறை அது. தலைவலிக்கு எடுத்த படத்தில் அதைப் பொருத்திப் பார்ப்பதால்தான் இத்தனை தவறான முத்திரைகள்.

சிதறிய திட்டுகளின் மற்ற முகங்கள்: டெம்போரல் மடலின் முன்முனையும் வெளிக் காப்ஸ்யூலும் வெளுத்து, ஒளிவட்டத்தோடு வரும் ஒற்றைத் தலைவலியும் இளவயதுப் பக்கவாதமும் குடும்பத்தில் இருந்தால் கடாசில், 19-ஆம் குரோமோசோமில் உள்ள நாட்ச்3 மரபணுப் பழுது. பாலத்தின் விளிம்பை விட்டுவிட்டு நடுவயிற்றில் பனிக்கட்டி உருண்டை போல் திட்டு இருந்து, காது கேட்பது குறைந்து, விழித்திரையில் குழாய் அடைத்திருந்தால் சூசாக் நோய். குழந்தைக்குத் தொற்றுக்குப் பின் குழப்பமும் பஞ்சு போன்ற பெரிய திட்டுகளும் வந்தால் ஏடெம் என்ற மயலின் அழற்சி. நோயெதிர்ப்புக் குறைந்தவருக்குப் புறணியின் கீழுள்ள யூ வடிவ இழைகள் வரை போய் முட்டும், வீக்கம் இல்லாத, ஒரு பக்கம் தூக்கலான திட்டு என்றால் ஜேசி வைரஸ் கொண்டுவரும் பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று.

சீராகப் பரவியவற்றுக்கு வருவோம். நெதர்லாந்தின் குழந்தை நரம்பியல் மருத்துவர் மார்யோ வான் டெர் க்னாப் போன்றோர் வகுத்த முறையில், முதலில் மயலின் உருவாகவே இல்லையா, உருவாகி அழிந்ததா என்று பார்க்க வேண்டும். உருவாகாதபோது டி2-வில் வெண்மை மிதமாக இருக்கும், டி1-இல் பெரிய மாற்றம் தெரியாது. அழிந்தது என்றால் எந்த இடத்தில் தூக்கல்? நெற்றிப் பக்கம் என்றால் அலெக்சாண்டர், மெட்டாகுரோமேட்டிக் என்ற மரபணு வெண்பொருள் நோய்கள். பின்பக்கத்தில், பாலத்தின் வால்முனையைத் தாண்டி, ஓரத்தில் காண்ட்ராஸ்ட் ஏறினால், அதுவும் சிறுவன் என்றால், அட்ரீனல் சுரப்பியையும் வெண்பொருளையும் தாக்கும் அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி. வெண்பொருளே கரைந்து நீராகி, ஃப்ளேரில் கறுத்துப்போயிருந்தால் வானிஷிங் ஒயிட் மேட்டர்; காய்ச்சலுக்கோ சின்னத் தலையடிக்கோ பிறகு குழந்தை சட்டென்று சரியும். தலை பெரிதாக இருந்தால் அலெக்சாண்டர், கானவான்.

படி 5: குணமாகக்கூடியதை முதலில் தேடும் இரத்தச் சோதனை

வரிசையை வாய்ப்பை வைத்து மட்டும் போடாதீர்கள். எது தவறிப்போனால் பிறகு வருந்துவோமோ அதற்கு முன்னிடம் கொடுங்கள். எல்லோருக்கும்: இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, முழு இரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., தைராய்டு, பி12, எச்.ஐ.வி., சிஃபிலிஸ். பி12 அளவு எல்லைக்கோட்டில் நின்றால் மெத்தில்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

கதையில் அதற்கான தடயம் இருந்தால் மட்டும்: லூபஸுக்கு ஏ.என்.ஏ., கருச்சிதைவும் இரத்த உறைவும் இருந்தால் ஆன்டிபாஸ்போலிப்பிட், கைகால் எரிச்சலும் சிறுநீரகக் கோளாறும் உள்ள இளைஞருக்கு ஃபேப்ரி நோய்ச் சோதனை. எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதுவது எளிது. ஆனால் ஏ.என்.ஏ. லேசாகப் பாசிட்டிவாக வருவது ஆரோக்கியமானவர்களிடமும் சகஜம். அதன் பின்னால் ஓடி ஆறு மாதம் தொலைத்தவர்கள் உண்டு.

மயலின் அழற்சி என்று தோன்றி, ஆனால் எம்.எஸ். முகம் இல்லாவிட்டால் இரண்டு ஆன்டிபாடிகள். தண்டுவடத் திட்டு மூன்று முதுகெலும்பு நீளமோ அதற்கு அதிகமாகவோ இருந்தாலோ, பார்வை கடுமையாகப் போயிருந்தாலோ, மேலே சொன்ன தீராத விக்கல்-வாந்தி இருந்தாலோ அக்குவாபோரின்-4. இந்த ஆன்டிபாடியால் வருவது என்.எம்.ஓ. என்ற நோய்; மூளைத்தண்டின் பின்பக்கத்தில் உள்ள வாந்தி மையத்தையும் அது தாக்கும். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை இந்த நோயை மோசமாக்கிவிடும் என்பதால் மருந்தைத் தொடங்கும் முன்பே தெரிந்தாக வேண்டும். மற்றது மயலின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தாக்கும் மாக் ஆன்டிபாடி. இரண்டையும் செல் அடிப்படைச் சோதனையாகக் கேளுங்கள். மாக் அளவு குறைவாக வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்.

சீராகப் பரவிய படத்துக்கு: மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள், ஆரில்சல்ஃபடேஸ்-ஏ, கேலக்டோசெரிப்ரோசிடேஸ், கொலெஸ்டனால். இங்கே இரண்டு குழிகள். அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்குக் கொழுப்பமில அளவு இயல்பாகவே இருக்கும். ஆரில்சல்ஃபடேஸ் குறைவாக இருந்தும் நோயே இல்லாதவர்கள் நிறைய. சிறுநீரில் சல்ஃபடைடு கூடியிருக்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

படி 6: முதுகில் நீர் எடுப்பது

பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. தலைவலி ஓரிரு நாள் வரலாம். பார்க்க வேண்டியவை செல் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை, ஆன்டிபாடிகளின் தடமான ஒலிகோகுளோனல் பட்டைகள். பட்டைகளுக்கு அன்றே எடுத்த இரத்தமும் கூடப் போக வேண்டும். நீரில் இருந்து இரத்தத்தில் இல்லாத பட்டைதான் கணக்கு. எம்.எஸ்.ஸில் பெரும்பான்மையோருக்கு இது இருக்கும், சிறு இரத்தக்குழாய் நோயில் இருக்காது. செல் மைக்ரோலிட்டருக்கு 50-க்கு மேல் போனால் இது எம்.எஸ். தானா என்று சந்தேகித்து வேறு காரணம் தேட வேண்டும். பி.எம்.எல். சந்தேகத்துக்கு ஜேசி வைரஸ் பி.சி.ஆர்.; நெகட்டிவ் வந்தால்கூடக் கதை பொருந்தினால் திரும்ப எடுக்க வேண்டும்.

படி 7: மரபணுவும் திசுவும்

மரபணுச் சோதனையை முதல் படியாக வைப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. படத்தின் வடிவமும் நொதிச் சோதனையும் திசை காட்டிய பிறகு எடுத்தால், அர்த்தம் தெரியாத மாறுதல் என்று ரிப்போர்ட் வரும்போது அதை எடைபோட நம்மிடம் ஏதாவது இருக்கும். ஆனால் சீராகப் பரவிய நோயோடு வேகமாகச் சரியும் குழந்தைக்குக் காத்திருக்க வேண்டாம், நொதிச் சோதனையும், மரபணுக்களை ஒட்டுமொத்தமாக வாசிக்கும் எக்ஸோம் சோதனையும் ஒரே நாளில் அனுப்பலாம். அட்ரினோலூகோடிஸ்ட்ரோபியில் எலும்பு மஜ்ஜை மாற்றம் ஆரம்பக் கட்டத்தில் மட்டுமே பலன் தரும். அதனால்தான் ஒரு பையனுக்கு உறுதியானதும் அவன் தம்பியையும் சோதிக்க வேண்டும்.

திசு எடுப்பது கடைசி. லிம்ஃபோமா என்ற புற்றின் சந்தேகம் இருந்து, நோயாளி தாக்குப்பிடிக்கக்கூடிய நிலையில் இருந்தால் அதற்கு முன் ஸ்டீராய்டு தொடாதீர்கள். கட்டி தற்காலிகமாகக் கரைந்துபோய், எடுத்த திசுவில் ஒன்றும் தெரியாமல் போகும்.

படி 8: இன்னும் தெரியவில்லை என்றால்

அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் அதே மெஷினில், அதே முறையில் மறுபடி படம் எடுங்கள். புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்பதே நல்ல சோதனை. எந்த அறிகுறியும் இல்லாமல் படம் மட்டும் அச்சு அசல் எம்.எஸ். போல இருப்பவர்களும் உண்டு. 2009 முதல் இதற்கு ஆர்.ஐ.எஸ். என்று பெயர். பத்தாண்டுகளில் அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் தாக்குதல் வருகிறது, மீதிப் பாதிக்கு வருவதில்லை. யாருக்கு மருந்து என்பது தண்டுவடத் திட்டு, வயது, நீர்ச் சோதனை இவற்றைப் பார்த்து நிதானமாக எடுக்கும் முடிவு.

பழைய படம் இருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். எம்.எஸ். என்று சொல்லப்பட்டு, அடுத்த வாரம் ஊசி தொடங்க வேண்டிய ஒரு பெண் என்னிடம் வந்தார். வயது 41. ஆழத்தில் ஆறு சின்னப் புள்ளிகள். விரல் இல்லை, பாலத்தில் எதுவும் இல்லை, தண்டுவடம் சுத்தம். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. பள்ளி நாளிலிருந்தே மாதம் மூன்று முறை ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, வெளிச்சம் ஆகாது. இதற்கு முன் எப்போதாவது ஸ்கேன் எடுத்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். கூட வந்த அவர் கணவர், "நீ வண்டியிலிருந்து விழுந்தாயே, அப்போது எடுத்தோமே" என்றார். மறுநாள் பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்த உறை வந்தது. ஏழு வருடம் பழைய எம்.ஆர்.ஐ. ஃபிலிம், ஓரத்தில் மடிந்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து மாட்டி எண்ணினோம். அதே ஆறு, அதே இடம், அதே அளவு. ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் இப்படிச் சின்னப் புள்ளிகள் இருப்பது சகஜம். ஊசிச் சீட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை எழுதினேன்.